சும்மா இருக்கும் பேட்டரிக்குத்தான் கவனிப்பு வேண்டும்

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரியின் ஞாபகம் பெரும்பாலும் ஒரே ஒரு நாளில்தான் வரும். கரண்ட் போய், விளக்கு எரிந்து, அப்பாடா என்று உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கும் நாள் அது. போன வருடம் நாலு மணி நேரம் தாங்கியதே, இப்போது என்ன ஆச்சு என்று மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தகடுகள் காய்ந்து கிடக்கும்.

என் முதல் பேட்டரி அப்படித்தான் போனது. அந்தக் காலகட்டத்தில் கரண்ட் அதிகம் போகவில்லை. வேலையே இல்லாத பேட்டரிக்குத் தேய்மானம் எங்கிருந்து வரும் என்று எண்ணி ஒன்றரை வருடம் அதன் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். திறந்தபோது பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளில் (செல்களில்) இரண்டில் தகடுகளின் தலை வெளியே தெரிந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சார்ஜ் போட்டுப் பார்த்தேன். காய்ந்த பகுதி மீளவில்லை. புதிதாக பேக்கப் அமைப்பு வாங்கியவர்கள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

மின்லைனோடு இணைந்த பேக்கப் அமைப்பில் பேட்டரிக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் சார்ஜர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும். வருடத்தில் சில மணி நேரம் மட்டும் பேட்டரி உழைக்கிறது. மீதி நேரம் முழுக்கச் சார்ஜரின் பிடியில் இருக்கிறது. அதன் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த மீதி நேரம்தான்.

ஈய அமில பேட்டரியை 1859இல் காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் உருவாக்கினார். அடிப்படை வேதியியல் இன்றும் அதேதான். ஈயத் தகடு ஒன்று, ஈய ஆக்சைடு பூசிய தகடு ஒன்று, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் வெளியே போகும்போது இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்ஃபேட் படிகிறது. அமிலம் மெலிந்து தண்ணீராகிக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏறும்போது இது திரும்ப நடந்து அமிலம் கெட்டியாகிறது.

இறங்கிய நிலையிலேயே விட்டுவிட்டால் அந்த சல்ஃபேட் நாளடைவில் பெரிய, கடினமான படிகங்களாக இறுகிவிடும். அதன்பிறகு சார்ஜர் எவ்வளவு ஊட்டினாலும் அது கரையாது. மெக்கானிக்குகள் சல்ஃபேஷன் என்று சொல்வது இதைத்தான். இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. சார்ஜ் நிரம்பிய பிறகும் அதிகமாக ஊட்டினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வாயுவாக வெளியேறும். தண்ணீர் குறையும், நேர்மின் தகட்டின் சட்டமும் அரிக்கும். ஆக, குறைவாக ஊட்டினால் இறுகும், கூடுதலாக ஊட்டினால் அரிக்கும். பராமரிப்பு என்று நாம் செய்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் பேட்டரியை வைத்திருக்கும் முயற்சி.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடாதீர்கள். ஒரு வகைக்கு மருந்தாக இருப்பது இன்னொரு வகைக்கு விஷம்.

மேலே ஆறு திருகு மூடிகளோ, மிதக்கும் காட்டிகளோ இருந்தால் அது தண்ணீர் ஊற்றும் வகை. இதில் தட்டைத் தகடு உள்ளவையும் உண்டு, ட்யூபுலர் எனப்படும் குழாய்த் தகடு உள்ளவையும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டருக்கு அடிக்கடி ஆழமாக இறங்கி ஏறும் வேலை இருந்தால் ட்யூபுலர்தான் அதிகம் தாங்கும். மூடியே இல்லாமல் முழுக்க அடைத்திருந்தால் அது சீல்டு வகை. ஏ.ஜி.எம்., ஜெல் இரண்டும் இதில் அடங்கும். இவற்றில் வாயு வெளியேற ஒரு வால்வு உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்ற வழி இல்லை, திறந்து பார்க்கவும் கூடாது. எடை குறைவாக, தகவல்தொடர்பு ஒயருக்கான துளைகளுடன், சுவரிலோ அடுக்குச் சட்டத்திலோ இருந்தால் அது லித்தியம். வீடுகளில் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதற்கென்று பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பேட்டரியோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் தரும் எண்கள் பொதுவானவை. கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி.

கை வைக்கும் முன்

12 வோல்ட் ஷாக் அடிக்காது, அதனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக்கைவிட இங்கே பயப்பட வேண்டியது ஷார்ட் சர்க்யூட்டுக்கு. ஸ்பானர் ஒன்று கைதவறி இரண்டு டெர்மினல்களுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். இரும்பு சிவந்து உருகும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்பானரின் கைப்பிடிப் பகுதி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள். நான் இப்படிச் சுற்றிய ஸ்பானர் ஒன்றைப் பேட்டரிக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்.

கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் கட்டாயம். அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே நிறைய சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். அதனால் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு டப்பாவில் சமையல் சோடா கரைத்த தண்ணீர் இருக்கட்டும். தரையில் சிந்திய அமிலத்தை அது அடக்கிவிடும். கண்ணுக்கோ தோலுக்கோ சோடா வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பேட்டரி இருக்கும் இடத்தில் தீக்குச்சி, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. மூடிய அலமாரிக்குள் பேட்டரியை வைத்திருந்தால், மேல்பக்கம் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரஜன் லேசானது, மேலேதான் தேங்கும்.

அப்புறம், இது முக்கியம்: இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. லைன் பிரேக்கரையும் அணைக்க வேண்டும். சோலார் இணைந்திருந்தால் பேனலிலிருந்து வரும் டி.சி. பிரேக்கரையும் அணைக்க வேண்டும். வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல பேட்டரிகளை அடுக்கி 48 வோல்ட்டுக்கு மேல் போகும் அமைப்புகளிலும், உயர் வோல்டேஜ் லித்தியம் அடுக்குகளிலும் இணைப்புகளைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

கருவிகள் வாங்கும் முன்பே ஒரு நோட்டு போடச் சொல்வேன். ஒரு தடவை எடுத்த அளவு எதையும் சொல்லாது. 12.5 வோல்ட் என்றால் நல்லதா கெட்டதா? போன மாதம் 12.7 இருந்து இப்போது 12.5 என்றால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பேட்டரியின் வகை, ஆம்பியர்-ஹவர் (அதன் கொள்ளளவு), நிறுவிய தேதி, இன்வெர்ட்டரில் வைத்திருக்கும் செட்டிங்குகள் எல்லாம் எழுதுங்கள். அதன்பிறகு மாதம் ஒரு வரி போதும்: தேதி, வோல்டேஜ், தண்ணீர் ஊற்றிய அளவு, கரண்ட் எவ்வளவு நேரம் போனது, கண்ணில் பட்ட வேறு எதுவும்.

கருவிகளில் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று அவசியம். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் அமிலக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றும் வேண்டும். வேறு பெரிய செலவு எதுவும் கிடையாது.

தண்ணீர்

தண்ணீர் ஊற்றும் பேட்டரிகள் பாதிக்குப் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் கெடுகின்றன என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரில் குளோரைடு, இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் இருக்கும். இரும்பு உள்ளே போனால் பேட்டரி தானாகவே இறங்கும் வேகம் கூடும். குளோரைடு நேர்மின் தகட்டை அரிக்கும். குடிப்பதற்காகச் சுத்திகரித்த தண்ணீரிலும் உப்புகள் மிச்சம் இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஆவி குளிர்ந்து வந்த தண்ணீர்தான், ஆனால் தூசியையும் உலோகக் குழாயின் துகள்களையும் கழுவிக்கொண்டு வருகிறது. வேண்டாம்.

அமிலம் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பேட்டரியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. குறைந்த இடத்தை அமிலத்தால் நிரப்பினால் கரைசல் தேவைக்கு மேல் கெட்டியாகித் தகட்டைத் தின்னும். முதல் நாள் மீட்டரில் நல்ல எண் காட்டும், பேட்டரியும் புதுசு போலத் தெரியும். சில மாதங்களில் முடிந்துவிடும்.

ஊற்றும் முறை இது:

1. பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஆன பிறகே ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது கரைசலின் மட்டம் உயரும். இறங்கிய பேட்டரியில் விளிம்புவரை ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட்டால் அமிலம் பொங்கி வெளியே வழியும். தகடுகள் ஏற்கனவே வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றி, சார்ஜ் ஆனதும் மீதியை நிரப்புங்கள்.

2. மூடிகளைத் திறப்பதற்கு முன் பேட்டரியின் மேல்பகுதியை ஈரத்துணியால் துடையுங்கள். மேலே இருக்கும் தூசி உள்ளே விழக்கூடாது.

3. பிளாஸ்டிக் புனல் பயன்படுத்துங்கள். உலோகப் புனல் கூடாது.

4. மட்டக் குறி வரை, அல்லது மிதக்கும் காட்டி மேல் குறியைத் தொடும்வரை ஊற்றுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

5. ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு போனது என்று நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஆனால் பேட்டரி நம்மிடம் பேசுவதே அந்த எண்களின் வழியாகத்தான். ஆறு அறைகளும் ஒரே அளவு குடித்தால் எல்லாம் சரி. ஆறும் சேர்ந்து வழக்கத்தைவிட அதிகம் குடித்தால் சார்ஜர் கூடுதலாக ஊட்டுகிறது, அல்லது பேட்டரி இருக்கும் இடம் சூடாக இருக்கிறது. ஒரே ஒரு அறை மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் குடித்தால் அந்த அறையில் ஷார்ட் இருக்கலாம். மாதக்கணக்கில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை என்றால் மகிழ வேண்டாம். பேட்டரி முழுச் சார்ஜுக்கே போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? தட்டைத் தகடு பேட்டரிக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தேவைப்படலாம்; பெரிய ட்யூபுலர் பேட்டரி மூன்று முதல் ஆறு மாதம் தாங்கலாம். ஊற்றுவது எப்போதாக இருந்தாலும் பார்ப்பது மாதம் ஒரு முறை இருக்கட்டும்.

டெர்மினல்

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையும் நீலமுமாகவோ பூத்திருந்தால், அமில ஆவி அங்கே வேலை செய்கிறது என்று பொருள். அந்தப் பூப்பு மின்தடையைக் கூட்டும். லோடு ஏறும்போது அந்த இடம் சூடாகும், இன்வெர்ட்டருக்கு உண்மையைவிடக் குறைந்த வோல்டேஜ் தெரியும், நேரத்துக்கு முன்பே கட் ஆகும். பேட்டரி நன்றாக இருந்தும் பேக்கப் குறைகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள், பிறகு ப்ளஸ். சமையல் சோடாக் கரைசலைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நுரை அடங்கியதும் தண்ணீரால் துடைத்து உலர விடுங்கள். மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா ஒரு சொட்டு உள்ளே போனாலும் அமிலத்தைக் கெடுத்துவிடும். மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். நட்டை இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவுங்கள். உலோகமும் உலோகமும் தொடும் இடத்துக்கு நடுவில் தடவக்கூடாது. கிரீஸைவிட வாசலின் நல்லது.

இறுக்கம் போதுமானதாக இருக்கட்டும். ஈய டெர்மினல் மென்மையானது, பலம் காட்டினால் உடையும் அல்லது உள்ளே அசைந்துவிடும்.

வோல்டேஜும் அடர்த்தியும்

சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு 13.6 இருக்கிறது, பேட்டரி அருமை என்று முடிவு செய்யாதீர்கள். அது சார்ஜர் தரும் வோல்டேஜ். பேட்டரியின் சொந்த நிலை தெரிய வேண்டுமானால் சார்ஜையும் லோடையும் நிறுத்திவிட்டுக் குறைந்தது நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. பைபாஸ் ஸ்விட்ச் இருந்தால் அந்த நேரத்தில் வீட்டுக்கு லைன் கரண்டை நேரடியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஓய்ந்த 12 வோல்ட் ஈய அமில பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். முழு இரவு சார்ஜ் ஆன பிறகும், ஓய்வுக்குப் பின் 10.5 பக்கமாகக் காட்டினால் ஒரு அறை செத்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒவ்வொரு அறையும் சுமார் 2.1 வோல்ட் தருவதால், ஒன்று போனால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும்.

ஹைட்ரோமீட்டர் இதைவிட நேர்மையான கருவி. ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகச் சொல்லும். நிரம்பிய பேட்டரியில் அடர்த்தி 1.265 முதல் 1.280 வரை இருப்பது பொதுவான கணக்கு. இன்வெர்ட்டருக்கென்று செய்த ட்யூபுலர் பேட்டரிகள் பலவற்றில் நிரம்பிய அளவே 1.240 பக்கமாகத்தான் வைத்திருப்பார்கள். ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று புள்ளி இல்லாமல் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அது குறைவு என்று பயந்து அமிலம் ஊற்றச் சொல்லும் ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சூட்டைப் பொறுத்தும் எண் மாறும்: 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிய உடனே அளந்தால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். ஒரு தடவை சார்ஜ் ஆகிக் கலந்த பிறகு பாருங்கள்.

நான் முழு எண்ணைவிட அறைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் பார்ப்பேன். 0.030க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஈக்வலைசேஷன், அதாவது அறைகளைச் சமப்படுத்தும் சார்ஜ், செய்ய நேரம் வந்துவிட்டது. பல மாதம் அசையாமல் நிற்கும் பேட்டரியில் கெட்டியான அமிலம் கீழேயும் மெலிந்தது மேலேயும் தங்கிவிடும். தகட்டின் அடிப்பாகம் சல்ஃபேட் ஏறிக் கெடும். தெரிந்தே கொஞ்சம் கூடுதல் வோல்டேஜில், 12 வோல்ட் பேட்டரிக்கு 15 வோல்ட்டுக்கு மேல் சில மணி நேரம் ஊட்டும்போது எழும் குமிழிகள் கரைசலைக் கலக்கிவிடும். இது தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும், கையேடு அனுமதித்தால் மட்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் மட்டம் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். சீல்டு பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் இதைச் செய்யவே கூடாது. ஈக்வலைசேஷனுக்குப் பிறகும் 0.050 வித்தியாசம் நின்றால் அந்த அறையில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

சார்ஜர் செட்டிங்

இன்வெர்ட்டரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சோ மெனுவோ இருக்கும். நிறுவியவர் சரியாக வைத்திருப்பார் என்று விட்டுவிடாமல் நீங்களே ஒரு தடவை பாருங்கள். ட்யூபுலர் பேட்டரிக்கு வைத்த செட்டிங்கில் சீல்டு பேட்டரியை ஓட்டினால் அது உள்ளேயே வறண்டு, பக்கவாட்டில் உப்பிவிடும். உப்பிய பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது, உடனே கழற்ற வேண்டும்.

12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்கு நிரப்பும் கட்டத்தில் 14.4 வோல்ட்டை ஒட்டியும், நிரம்பிய பிறகு காத்து நிற்கும் ஃப்ளோட் கட்டத்தில் 13.5 முதல் 13.8 வரையும் இருப்பது வழக்கம். பேக்கப் பேட்டரி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது இந்த ஃப்ளோட் வோல்டேஜில்தான். அது அரை வோல்ட் தப்பினால்கூட வருடம் முழுக்க இடைவிடாமல் தப்பாகவே ஊட்டப்படும். சார்ஜ் கரண்ட் ஆம்பியர்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு என்பது தண்ணீர் பேட்டரிக்குப் பாதுகாப்பான கணக்கு. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 15 ஆம்பியர். வெப்பநிலைக்கு ஏற்ப வோல்டேஜைத் திருத்தும் சென்சார் வசதி இருந்தால், அதன் முனை பேட்டரி மீதே ஒட்டியிருக்க வேண்டும். சுவரில் தொங்கினால் அது சுவரின் சூட்டைத்தான் அளக்கும்.

சூடு

ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரி செல்சியஸ் ஏற்ற வெப்பநிலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாடிப்படிக்குக் கீழே காற்றில்லாத மூலை, மேற்கு வெயில் அடிக்கும் சுவர், சமையலறையை ஒட்டிய அலமாரி எல்லாம் பேட்டரிக்கு ஆகாத இடங்கள். இன்வெர்ட்டர் தன் விசிறி வழியாகத் தள்ளும் சூடான காற்று பேட்டரி மேல் படாதபடி வையுங்கள். அடுக்கில் ஒரு பேட்டரிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு விரல்கடை இடைவெளியாவது வேண்டும்.

மாதம் ஒரு தடவை கொஞ்சம் வேலை கொடுங்கள்

கரண்ட் அதிகம் போகாத வீடுகளுக்கு இது. மாதம் ஒரு நாள் லைன் பிரேக்கரை அணைத்து, வழக்கமான லோடில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நெருக்கடியான நேரத்தில் அமைப்பு ஒழுங்காக மாறுகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் மூச்சுக்கருவி போன்ற மருத்துவ சாதனம் இன்வெர்ட்டரை நம்பி இருந்தால், அதை வேறு மின்வழிக்கு மாற்றிவிட்டே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை முறையான சோதனை ஒன்று செய்யுங்கள். தெரிந்த அளவு லோடு வைத்து, நிரம்பிய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளவெடுங்கள். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 200 வாட் லோடு என்றால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். பாதி சார்ஜ் செலவாக மூன்றரை மணி நேரம் ஆகும் என்று எதிர்பார்க்கலாம். லோடை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதிக்கும் கீழே குறையும்; வேகமாக இறக்கும்போது ஈய அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. அதனால் ஒவ்வொரு சோதனையிலும் அதே லோடு, அதே நிறுத்தும் இடம் என்று வையுங்கள். புதிதாக இருந்தபோது எடுத்த நேரத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். அதன்பிறகு சரிவு வேகமாக இருக்கும்.

சோதனையாக இருந்தாலும் உண்மையான கரண்ட் கட்டாக இருந்தாலும், பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது பேட்டரிக்கு நல்லது. இன்வெர்ட்டர் கத்தி அணைந்த பிறகு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போட்டால் ஓடுகிறதே என்று சிலர் திரும்பத் திரும்ப ஸ்விட்சைத் தட்டுவார்கள். லோடு நின்றதும் வோல்டேஜ் கொஞ்சம் மீண்டு எழுவதால்தான் அப்படி ஓடுகிறது. அந்தக் கடைசிச் சில நிமிட வெளிச்சத்துக்காகப் பேட்டரி பல வாரங்களை இழக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கரண்ட் வந்ததும் முழுச் சார்ஜ் ஆக விடுங்கள். கடைசி 20 சதவீதம் ஏறத்தான் அதிக நேரம் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணம்.

ஒன்றுக்கு மேல் பேட்டரி இருந்தால்

ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே வயது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரண்டில் ஒன்று கெட்டது என்று ஒன்றை மட்டும் மாற்றினால், பழையது சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும், புதியது நிரம்பாமல் சல்ஃபேட் கட்டும். தொடராக இணைத்த பேட்டரிகளில் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் தனியாக எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் மெல்ல விலகிப் போவது முதலில் நோட்டில்தான் தெரியும். பக்க இணைப்பில் ப்ளஸ் ஒயரை ஒரு முனைப் பேட்டரியிலிருந்தும் மைனஸை மறுமுனைப் பேட்டரியிலிருந்தும் எடுத்தால் வேலைப் பங்கு ஓரளவு சமமாகும்.

லித்தியம்

இங்கே மேலே சொன்ன பாதியை மறந்துவிட வேண்டும். தண்ணீர் இல்லை, பூப்பு இல்லை, ஈக்வலைசேஷன் இல்லை. பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று ஒவ்வொரு செல்லையும் கவனித்துக்கொண்டிருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட், 16 செல் சேர்ந்தால் 51.2. இதன் வோல்டேஜ் நடுப்பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், மல்டிமீட்டர் வைத்துச் சார்ஜைக் கணிக்க முடியாது. பி.எம்.எஸ். காட்டும் சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஈய பேட்டரிக்கு அரைகுறைச் சார்ஜ் கெடுதல். லித்தியத்துக்கோ வருடம் முழுக்க நூறு சதவீதத்தில், அதுவும் சூட்டில் நிற்பது கெடுதல். கரண்ட் அபூர்வமாகப் போகும் இடத்தில் மேல் எல்லையை 90 சதவீதமாக வைக்க இன்வெர்ட்டர் அனுமதித்தால் வைக்கலாம். ஆனால் அவ்வப்போது ஒரு தடவை முழுக்க நிரப்புங்கள், பி.எம்.எஸ். செல்களைச் சமன் செய்வதும் சதவீதக் கணக்கைத் திருத்திக்கொள்வதும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான். சோலாரோடு இணைந்த ஹைப்ரிட் அமைப்பில் தினமும் பேட்டரியைப் பயன்படுத்துபவர்கள், கரண்ட் கட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும் சதவீதம் எவ்வளவு என்று பார்த்து வையுங்கள். அது 10இல் இருந்தால் இரவில் கரண்ட் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகப் பழுதாகும். குளிர்ப் பிரதேசத்தில் வெளியறையில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீங்கியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாசனை வந்தாலோ அணைத்துவிட்டு விலகுங்கள். எந்த நிலையிலும் பெட்டியைத் திறக்காதீர்கள்.

வெளியூர் போகும்போது

சில வாரங்கள்தான் என்றால் இன்வெர்ட்டரை அப்படியே சார்ஜில் விட்டுப் போகலாம். தண்ணீர் மட்டத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போங்கள். மாதக்கணக்கில் வீட்டின் மெயினையே அணைத்துவிட்டுப் போவதாக இருந்தால், ஈய பேட்டரியை முழுக்க நிரப்பி மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். தானாகவே மாதத்துக்கு 5 சதவீதம்போல இறங்கும், சூட்டில் இன்னும் வேகமாக இறங்கும். அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து சார்ஜ் போட வேண்டும். லித்தியம் என்றால் பாதி சார்ஜில் வைத்து அணைத்துவிட்டுப் போவது நல்லது.

மாற்றும்போது

பழைய ஈய பேட்டரியை நிமிர்த்தியே வையுங்கள். அமிலத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். அதில் ஈயமும் கரைந்திருக்கும், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அமிலத்தோடு அப்படியே, பேட்டரியைத் திரும்ப எடுக்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள். அந்த ஈயம் உருக்கிச் சுத்தம் செய்யப்பட்டு மறுபடி பேட்டரிக்கே போகும். லித்தியத்தைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கவே கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும்.

புதியது வந்ததும் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். கடையில் ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி வீட்டுக்கு வரும்போதே பாதி கெட்டிருக்கலாம். மாட்டி முழுக்க ஒரு தடவை சார்ஜ் ஆக விட்டு, ஆறு அறைகளின் அடர்த்தியையும் அன்றே எடுத்து நோட்டில் எழுதுங்கள். நிறுவிய தேதியைப் பேட்டரியின் பக்கவாட்டிலும் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.